டைனமோவா, ஆல்டர்னேற்றரா? ஒரு மொறிஸ் மைனரின் மின்கணக்கு

போன மாரியில் ஓர் இரவு, பருத்தித்துறை வீதியில் வல்லைவெளியைக் கடக்கும்போது என் மொறிஸ் மைனரின் முன்விளக்குகள் மெழுகுதிரி அளவுக்கு மங்கின. வைப்பர் கண்ணாடியின் பாதியில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லாத வெளி அது. மழை ஓயும்வரை வண்டிக்குள் இருந்தேன். பிறகு திறப்பைத் திருப்பினால் ஸ்டாட்டர் 'டக்' என்றதோடு சரி. நல்லவேளை, மைனருக்குக் கைபிடி உண்டு. முழங்கால் அளவு நனைந்து சுற்றிக் கிளப்பி வீடு வந்தேன்.

மறுநாள் நாலு பேரிடம் கேட்டேன். நாலு விதமான பதில் வந்தது. டைனமோவைத் திருத்து என்றார் ஒருவர். அந்தக் காலத்து லூக்காஸ் ஆல்டர்னேற்றர் தேடிப் போடு என்றார் இன்னொருவர். ஜப்பான் காரின் ஆல்டர்னேற்றரைப் பூட்டினால் கவலையே இல்லை என்றான் மகன். லண்டனில் இருக்கும் நண்பரோ, வெளியே டைனமோபோலவும் உள்ளே ஆல்டர்னேற்றராகவும் இருக்கும் ஒன்றைப் பற்றித் தொலைபேசியில் அரைமணி நேரம் சொன்னார். அடுத்த சில மாதங்கள் இந்த நாலையும் நிறுத்துப் பார்ப்பதிலேயே போயின.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எளிது. டைனமோவில் காந்தம் வெளியே அசையாமல் நிற்கிறது. மின்சாரம் உண்டாகும் சுருள் உள்ளே சுழல்கிறது. உண்டாகும் மின்னோட்டம் முழுவதும், சுழலும் செப்புத் துண்டங்களில் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கரித்துண்டுகள் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். கரி தேயும், செப்பு பள்ளம் விழும். மிக வேகமாகச் சுழற்றினால் சுருளே பிய்ந்துவிடும் என்பதால் கப்பியைப் பெரிதாக வைத்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். அதனால்தான் இயந்திரம் மெதுவாக ஓடும்போது டைனமோவிலிருந்து ஒன்றும் வருவதில்லை, முகப்புப் பலகையில் மின்னேற்றம் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆல்டர்னேற்றரில் எல்லாம் தலைகீழ். சுழல்வது காந்தம், நிற்பது சுருள். கரி வழியாகப் போவது அந்தக் காந்தத்துக்கு வேண்டிய மூன்று நாலு அம்பியர் மட்டும். உண்டாகும் மாறுமின்சாரத்தை டயோட்கள் நேர்ப்படுத்திக் கொடுக்கின்றன. சிறிய கப்பி போட்டு விரட்டிச் சுழற்றலாம். சந்தியில் நிற்கும்போதும் பற்றரிக்கு ஏதாவது போய்க்கொண்டிருக்கும்.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கூட்டிப் பார்ப்பதுதான் முறை. பலரும் இதைச் செய்வதில்லை. நானும் முதலில் செய்யவில்லை. பிறகு ஒரு கொப்பித்தாளில் எழுதினேன். தாழ்த்திய முன்விளக்கு இரண்டும் 45 வாட் வீதம் 90 வாட். 12 வோல்ற்றில் ஏழரை அம்பியர். பக்க விளக்கு, பின்விளக்கு, இலக்கத்தகட்டு விளக்கு, முகப்புப் பலகை எல்லாம் சேர்த்து இரண்டரை. பற்றவைப்புச் சுருளுக்கு மூன்றரை. வைப்பருக்கு இரண்டரை. எஸ்யூ பெற்றோல் பம்புக்கு ஒன்று. ஆக 17. மைனரில் இருக்கும் லூக்காஸ் சி 40 டைனமோ 22 அம்பியர் தரும். செய்தவர்கள் கணக்குத் தெரியாமல் செய்யவில்லை. மழை இரவில் எல்லாவற்றையும் போட்டு ஓடினாலும் ஐந்து அம்பியர் மிச்சம்.

ஆனால் என் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபடியா இருக்கிறது? மகன் 60/55 வாட் ஹலஜன் போட்டிருக்கிறான். அது தாழ்விளக்கிலேயே கிட்டத்தட்ட இரண்டு அம்பியர் கூடுதல். தொலைபேசிக்கு மின்னேற்றும் துளைக்கு இரண்டு அம்பியர். றேடியோவும் அதன் பெருக்கியும் நாலு. றேடியேற்றருக்குப் பின்னால் பூட்டிய மின்விசிறி எட்டு. எல்லாம் சேர்த்தால் 33. வரவு 22, செலவு 33. சம்பளத்தை மீறிச் செலவழிக்கும் வீடு எவ்வளவு நாள் தாங்கும்? மீதிப் பதினொன்றையும் பற்றரி கடன் கொடுத்துக்கொண்டிருந்தது.

வல்லைவெளி இரவுக்கு உண்மைக் காரணம் இதுகூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டைனமோவைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. பின்பக்கத்தில் இருக்கும் பெரிய டி, சிறிய எஃப் இரண்டிலிருந்தும் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்கும் வண்டி உடலுக்கும் இடையில் வோல்ற்மானியை வைத்து இயந்திரத்தை மெல்ல முடுக்கினால் முள் தடங்கலில்லாமல் மேலே ஏறவேண்டும். இருபது வோல்ற்றை எட்டவிடக் கூடாது, சுற்று நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டவும் தேவையில்லை. அரை அல்லது ஒரு வோல்ற்றில் நின்றால் காந்தத்தை உண்டாக்கும் புலச்சுருளில் பிழை, நாலைந்தில் நின்றால் சுழலும் சுருளில் பிழை என்பார்கள். என்னுடையதில் முள் அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் கரித்துண்டு ஒன்று அதன் கூட்டுக்குள் இறுகி ஒட்டியிருந்தது. பின்பக்கத் துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறது என்பதற்காக யாரோ அரைப் போத்தல் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

ஆகவே முதலாவது தெரிவு, இருக்கிற டைனமோவைத் திருத்துவது. கரி மாற்றி, செப்பைக் கடைந்து, துண்டங்களுக்கு நடுவில் இருக்கும் மைக்காவைச் சற்றுக் கீழே சுரண்டி, பின் புஷ்ஷை மாற்றினால் அது இன்னும் பல வருடம் ஓடும். நாலு தெரிவிலும் மிக மலிவானது இதுதான். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஆளும் கிடைக்கிறது. 1990களில் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராத காலத்தில் இந்த மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் றேடியோவை இணைத்து பிபிசி தமிழோசை கேட்ட ஊர் இது. டைனமோவைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்லும் கைகள் இன்னும் சில இங்கே மிஞ்சியிருக்கின்றன. என்னுடையதைத் திருத்திய பெரியவரும் அப்படி ஒருவர். கரித்துண்டை விரலால் அமுக்கி விட்டு, "இது வில்லு இல்லை தம்பி, வெறும் கம்பி" என்று சொல்லிப் புது வில் போட்டார்.

திருத்திய பிறகு வெளிச்சம் திரும்பியது. நெல்லியடி, பருத்தித்துறை என்று இரவில் போய் வந்தேன், குறை இல்லை. ஆனால் ஆவணியில் நல்லூர்த் திருவிழா வந்தது. முத்திரைச் சந்தியிலிருந்து ஆள் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். மின்விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, சிவப்புக் குமிழும் எரிந்தபடி இருந்தது. வீட்டு வாசலில் மறுபடி கைபிடி.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த மின்விசிறியைக் கழற்றினால் என் செலவு 25க்கு இறங்கிவிடும். றேடியோவையும் பெருக்கியையும் நிறுத்தினால் 21. மைனருக்கு இயந்திரத்தோடு சுழலும் விசிறி ஏற்கெனவே இருக்கிறது. கலியாண ஊர்வலத்துக்கும் ஞாயிறு மாலைக்கும் மட்டும் வண்டியை எடுப்பவர், சேர்த்துவைத்த மின்சாமான்களைக் கழற்றிவிட்டு டைனமோவோடு இருப்பதுதான் நல்லது. என் மைத்துனர் தன் ஒஸ்ரின் ஏ40 சொமசெற்றைப் பற்றி கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது.

இரண்டாவது தெரிவு, அந்தக் காலத்து லூக்காஸ் ஆல்டர்னேற்றர். ஏசிஆர் என்று பெயர் தொடங்கும் வகை. 16 ஏசிஆர் 34 அம்பியர், 17 ஏசிஆர் 36, 18 ஏசிஆர் 45. வோல்ற் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் றெகுலேற்றர் உள்ளேயே இருக்கும். மைனரின் ஏ-சீரிஸ் இயந்திரம் 1970களில் மினியில் இதே வகை ஆல்டர்னேற்றரோடு வந்ததால், மினியின் தாங்கிகள் கிடைத்தால் பொருத்துவது சிரமமில்லை. தோற்றமும் வண்டியோடு ஒத்துப்போகும். பொனற்றைத் திறப்பவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள். குறை என்னவென்றால் கிடைப்பவை எல்லாம் ஐம்பது வயதை நெருங்கியவை, அல்லது அவற்றைப் பார்த்து எங்கோ செய்யப்பட்டவை. என் 33 அம்பியருக்கு 36 என்பது கழுத்தளவுத் தண்ணீர். 18 ஏசிஆர் என்றால் யோசிக்கலாம், ஆனால் நான் தேடிய இடங்களில் கண்ணில் படவில்லை.

லண்டன் நண்பர் சொன்ன மாறுவேட ஆல்டர்னேற்றரை விரைவாகக் கடந்துவிடலாம். டைனமோவின் அதே உருளை உடம்பு, அதே தாங்கி, அதே கப்பி. 40 அம்பியர் அளவு தரும். நேர்முனை எர்த், அதாவது பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்த வண்டிகளுக்கென்றே செய்ததும் உண்டு. காட்சிக்கு நிறுத்தும் வண்டி என்றால் இதைவிட அழகான வழி இல்லை. விலை மற்ற மூன்றையும் கூட்டினாலும் மிஞ்சும், அதற்கு மேல் கப்பல் கூலியும் சுங்கமும். தென்னிலங்கையில் 1990களில் மைனரின் உடல்தகடுகளைச் செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள். அங்கிருந்து நான் ஒரு பொய் டைனமோவை இறக்குமதி செய்வதா என்று எனக்கு ஒரு வீம்பும் இருந்தது.

கடைசியில் நான் எடுத்தது மகனின் யோசனையை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் சிறிய ஜப்பான் கார்களின் ஆல்டர்னேற்றர்கள் கறிச்சட்டிபோல அடுக்கியிருக்கும். 45, 50 அம்பியர் என்று தாராளமாக. பழுதானால் அடுத்த வாரமே இன்னொன்று வாங்கலாம். எனக்கு இந்தக் காரணமே போதுமாக இருந்தது. அழகு என்று பார்த்தால் நாலிலும் கடைசி இதுதான். பச்சை நிறக் கிழட்டு இயந்திரத்தின் பக்கத்தில் அலுமினிய உடம்போடு, விருந்தாளி வீட்டுக்கு வந்த பிள்ளைபோல ஒட்டாமல் இருக்கிறது. தாங்கியைப் புதிதாகச் செய்யவேண்டும். அதோடு இவற்றின் கப்பி பல வரிப் பள்ளம் கொண்டது, மைனரின் பெல்ற்றோ ஒற்றை வி வடிவம். கப்பி மாற்றாமல் முடியாது. இரண்டு கப்பியும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் பெல்ற் ஒரு மாதத்தில் பஞ்சாகும்.

எந்த ஆல்டர்னேற்றரை எடுத்தாலும் வாசலில் நிற்கும் பூதம் ஒன்றுதான், எர்த். மைனர் உற்பத்தி நின்ற 1971 வரைக்கும் பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்தே வந்தது. இன்றைய ஆல்டர்னேற்றர்களுக்கு உடல் மறைமுனையாக இருக்கவேண்டும். பழைய பழக்கத்தில் பற்றரியை அப்படியே மாட்டினால் டயோட்கள் ஒரு நொடியில் எரியும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மாற்றுவது கடினமல்ல. பற்றரியைத் திருப்பி வைத்து, முனைக் கவ்விகள் இரண்டையும் மாற்ற வேண்டும், ஏனெனில் நேர்முனைத் தண்டு மறைமுனையைவிடத் தடிப்பு. பற்றவைப்புச் சுருளின் இரண்டு சிறிய வயர்களை இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், பொறி மட்டும் பலவீனமாக இருக்கும். மைனரின் வைப்பரும் ஹோனும் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. பெற்றோல் பம்பும் அப்படித்தான், உள்ளே டயோட் வைத்த புதிய வகையாக இல்லாதவரை. றேடியோவை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பொனற்றின் உட்புறம் 'மறைமுனை எர்த்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். இந்த வண்டி நேர்முனை எர்த் என்று மனப்பாடமாகச் சொல்லும் கிழவர்கள் ஊரில் பலர். அவர்களில் ஒருவர் உதவ வந்து பற்றரியைத் திருப்பி மாட்டினால் போச்சு.

இனி வயர். மைனரின் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் ஆர்பி 106 என்ற கறுப்புப் பெட்டி இருக்கிறது, டைனமோவின் றெகுலேற்றரும், பற்றரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டிக்கும் கட் அவுட்டும் அதற்குள். ஐந்து முனைகள்: ஏ, ஏ1, எஃப், டி, ஈ. ஆல்டர்னேற்றருக்கு இந்தப் பெட்டியின் மூளை தேவையில்லை, வெறும் சந்தியாக வைத்துக்கொள்ளலாம். ஏ முனையில் இருக்கும் தடித்த மண்ணிற வயர் பற்றரிப் பக்கத்திலிருந்து வருகிறது. ஏ1இல் இருக்கும் மண்ணிறத்தில் நீலக்கோடு விளக்கு ஆளிக்கும் திறப்புக்கும் போகிறது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேரவேண்டும். டி முனையில் மண்ணிறத்தில் மஞ்சள் கோடு போட்ட வயர் இரண்டு இருக்கும். தடித்தது டைனமோவிலிருந்து வருவது, மெல்லியது முகப்புப் பலகையின் சிவப்புக் குமிழுக்குப் போவது. மெல்லியதைப் பிரித்து, எஃப் முனையிலிருக்கும் பச்சைக்கோட்டு வயரோடு இணைத்தால், அந்தப் பச்சைக்கோடு மறுமுனையில் ஆல்டர்னேற்றரின் குமிழ் முனைக்கு வந்து சேரும். குமிழுக்குப் பழைய வயரே போதும், புதிதாக ஒன்றும் இழுக்கவேண்டாம். ஜப்பான் வகைக்குக் கூடுதலாக ஒரு வயர் வேண்டும்: திறப்பைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் முனையிலிருந்து அதன் றெகுலேற்றருக்கு.

தடித்த மஞ்சள்கோட்டு வயரை ஆல்டர்னேற்றரின் பிரதான முனைக்கு அப்படியே பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்யவில்லை. அது 22 அம்பியருக்கு அளந்து போட்ட, அறுபது வருடம் எண்ணெய் குடித்த வயர். நான் அதை இரண்டு பக்கமும் கழற்றி, நாடா சுற்றி ஒதுக்கிவிட்டு, 10 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றை நேராக ஸ்டாட்டர் சொலினொயிட்டின் பற்றரி முனைக்கு இழுத்து, அந்த முனையருகே 60 அம்பியர் உருகி வைத்தேன். அம்பியர்மானி உள்ள வண்டிகளுக்கு இன்னொரு கவனம். 30 அம்பியர் வரை காட்டும் மானிக்குள் 50 அம்பியரைத் தள்ளினால் பலகைக்குப் பின்னால் புகை வரும். அதை விலக்கிவிட்டு வோல்ற்மானி வைப்பது நல்லது. மைனரில் அம்பியர்மானியே இல்லை, எனக்கு அந்த வேலை மிச்சம்.

மைத்துனரின் சொமசெற்றுக்கு வருகிறேன். அவர் ஒரு கராஜில் கொடுத்து 17 ஏசிஆர் பூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தித் திறப்பைத் திருப்பினார், இயந்திரம் நிற்கவில்லை. திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினார், இயந்திரம் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கியரைப் போட்டு கிளச்சை விட்டு அணைத்தோம். பலகைக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தபோது விளங்கியது. அவருடைய சிவப்புக் குமிழ் எப்போதோ எரிந்துபோயிருக்கிறது. பூட்டியவர் குமிழைத் தேடாமல் அந்த இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்கியிருக்கிறார். திறப்பை மூடினாலும் ஆல்டர்னேற்றர் அந்த வயர் வழியே பின்னோக்கி மின்சாரம் அனுப்பிப் பற்றவைப்புச் சுருளை உயிரோடு வைத்திருந்தது. 2.2 வாட் குமிழ் ஒன்று போட்டதும் இயந்திரம் சொல்பேச்சுக் கேட்டது. அந்தக் குமிழ் வெறும் அறிவிப்புக்கு இல்லை. ஏசிஆர் வகையில் காந்தத்தை முதலில் எழுப்புவதே அதன் வழியே போகும் சிறு மின்னோட்டம்தான். குமிழ் எரிந்துபோனால் மின்னேற்றமும் தொடங்காமல் போகலாம். அதற்குப் பதிலாக எல்இடி போட்டாலும் அதே கதை, அது போதிய மின்னோட்டத்தை விடாது.

என் வண்டியில் இப்போது இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் 14.1 வோல்ற் காட்டுகிறது. எல்லா விளக்கும் விசிறியும் போட்டால் 13.7. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் பற்றரியைக் கழற்றிப் பார்த்து ஆல்டர்னேற்றரைச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. டைனமோ காலத்து வித்தை அது, இங்கே டயோட்களைக் கொல்லும். உடலில் எங்காவது வெல்டிங் செய்வதென்றால் முதலில் ஆல்டர்னேற்றர் வயர்களைக் கழற்றிவிட வேண்டும். டைனமோவையும் அதன் தாங்கிகளையும் போல்ற்களோடு எண்ணெய்த்துணியில் சுற்றி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். ஒரு துளைகூட வண்டியில் புதிதாகப் போடவில்லை. ஒரு பகல் போதும், பழையபடி ஆக்கிவிடலாம்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. கடைசல் பட்டறையில் செய்வித்த கப்பி தேவையைவிடப் பெரிதாகப் போய்விட்டது. விட்டத்தை நான் டைனமோக் கப்பியைப் பார்த்து அளந்து கொடுத்தேன். சுற்றும் வேகம் போதாமல், முழு மெதுவில் ஓடும்போது சிவப்புக் குமிழ் இன்னும் மங்கலாகக் கண் சிமிட்டுகிறது. அடுத்த முறை கொழும்பு போகும்போது பஞ்சிகாவத்தையில் சின்னக் கப்பி ஒன்று பார்க்கவேண்டும். அதுவரை முத்திரைச் சந்தியில் மறிபடும்போதெல்லாம் வலது காலை லேசாக மிதித்தபடி நிற்கிறேன்.